பரு வரும் முகத்துக்கு எவ்வளவு செய்தால் போதும்?

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய பரு 24 வயதிலும் விடவில்லை, காலை ஏழரைக்குள் பஸ் பிடிக்க வேண்டும், பத்துப் பாட்டில் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப் பொறுமையும் இல்லை காசும் இல்லை, குறைந்தபட்சம் எதைச் செய்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்மசி படித்தவள். மருந்துக் கடை கவுண்டரில் பல வருடம் நின்றிருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து முப்பது வயது தாண்டும்வரை எனக்கும் பரு இருந்தது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் சின்னதுதான். மூன்று பொருள் போதும்: காரமில்லாத ஒரு ஃபேஸ்வாஷ், ராத்திரிக்கு ஒரு மருந்து ஜெல், காலையில் சன்ஸ்கிரீன். தோல் வறண்டால் நான்காவதாக ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர். இதற்கு மேல் வாங்குவது அவரவர் விருப்பம், பருவுக்குத் தேவையில்லை.

இவ்வளவு குறைவாகச் செய்தால் எப்படிப் போதும் என்று தோன்றலாம். பரு எங்கே உருவாகிறது என்று தெரிந்தால் அது புரியும். தோலில் இருக்கும் ஒவ்வொரு மயிர்த்துளைக்கும் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. வயதுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுகிறது (பெண் உடம்பிலும் இது சுரக்கும்), சுரப்பி பெரிதாகி எண்ணெயை அதிகம் விடுகிறது. துளையின் உட்சுவரில் உதிரும் தோல் செல்கள் வெளியேறாமல் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகுகிறது, உடம்பு அதை எதிர்க்கிறது, சிவந்து வீங்குகிறது, சீழ் வைக்கிறது. நீங்கள் இன்று கண்ணாடியில் பார்க்கும் பரு பல வாரம் முன்னாலேயே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கிவிட்டது. அதனால்தான் வந்த பருவின் மேல் மட்டும் எதையாவது வைப்பது எப்போதும் ஓடிப்போன பஸ்ஸைத் துரத்துகிற வேலையாகவே இருக்கிறது. மருந்து முகம் முழுக்க, பரு இல்லாத இடத்திலும் போக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பரு உள்ள பிள்ளைகளை இது ரொம்பக் காயப்படுத்துகிறது. பரு அழுக்கால் வருவதில்லை. மூக்கில் இருக்கும் கரும்புள்ளிகூட அழுக்கு கிடையாது. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் அதிலுள்ள நிறமியும் எண்ணெயும் காற்றுப் பட்டுக் கறுத்துவிடுகின்றன. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் போகாது. இங்கிலாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவருக்குப் பரு வருமா வராதா என்பதில் ஏறக்குறைய 80 சதவீதப் பங்கு பரம்பரைக்கே என்று தெரிந்தது. என் அப்பா வழியில் சித்தப்பா, அத்தை எல்லோர் கன்னத்திலும் பள்ளம் உண்டு. எனக்கு வந்ததில் வியப்பே இல்லை. "ஒழுங்கா மூஞ்சியக் கழுவுறதில்லையா?" என்று கேட்பவர்களுக்கு நீங்கள் எந்தப் பதிலும் கடன்பட்டவரில்லை.

சரி, ராத்திரி ஜெல்லுக்கு வருவோம். என் கணக்கில் பருவுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. துளையின் உட்சுவர் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரச் செய்கிறது, அதாவது அடைப்பு உருவாகும் இடத்திலேயே வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2016-இல் இதை மருந்துச்சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்துவிட்டார்கள். நம் ஊரில் டாக்டர் சீட்டோடு வாங்குவதுதான் முறை. ஒருமுறை தோல் டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தடவை காட்டுவதால் வேறு நன்மைகளும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

போடும் விதத்தில்தான் பெரும்பாலானவர்கள் கைவிடுகிறார்கள். ராத்திரி முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லிசாகத் தடவ வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் சில வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எரிந்தால், தோல் உரிந்தால், முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல் என்று மாற்றிக்கொள்ளலாம். பயன் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நிறுத்தாமல் தொடர்வதுதான் முக்கியம். அதிகமாக அப்பினால் சீக்கிரம் போகும் என்று நினைத்து யாரும் அப்ப வேண்டாம். முகம்தான் புண்ணாகும், பரு அதே வேகத்தில்தான் குறையும்.

முதல் மாதம் பரு கூடுவதுபோலத் தெரியலாம். உள்ளே ஏற்கெனவே இருந்த அடைப்புகள் மேலே வருகின்றன. கவுண்டரில் நான் பார்த்த வரை, ஜெல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் வருவார்கள். இந்த மருந்துக்கு 12 வாரம் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் வேலை செய்கிறதா இல்லையா என்றே பேச முடியும். இன்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், அதே இடத்தில் மாதம் ஒன்று. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது. போட்டோவில் தெரியும்.

கட்டாயமாகக் கவனிக்க வேண்டியது: கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீன் வேண்டாம். அப்போது அசெலாயிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, 15 அல்லது 20 சதவீத க்ரீம், ஜெல் வடிவில் கிடைக்கும். கர்ப்ப காலத்திலும் பொதுவாகப் பாதுகாப்பானது, பருவுக்கும் பயன்படும், பரு விட்டுப்போகும் கறையையும் மெதுவாகக் குறைக்கும். ஜெல் போடும் நாட்களில் மேலுதட்டுக்கோ கன்னத்துக்கோ வாக்சிங் செய்துகொண்டால் தோலும் சேர்ந்து உரியும், ப்ளீச்சும் எரிக்கும். பார்லர் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சீழ் வைத்த பருக்கள் அதிகமாக இருந்தால் அடாபலீனோடு பென்சாயில் பெராக்சைடும் சேரும். இது கிருமியைக் கொல்கிறது, கிருமியால் இதற்குப் பழகிக்கொள்ள முடிவதில்லை. வாங்கும்போது 2.5 சதவீதம் போதும். 1986-இல் வந்த ஓர் ஒப்பீட்டில் 2.5, 5, 10 மூன்றும் பருவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைத்தன, 10 சதவீதத்தில் எரிச்சல்தான் கூடுதல். அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே டியூபில் கலந்தும் வருகிறது. சோம்பல் உள்ளவர்களுக்கு அதுவே நல்ல ஏற்பாடு. இது துணியின் சாயத்தை எடுத்துவிடும், தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும். நல்ல துப்பட்டாவை அது கழுத்தில் பட்ட இடத்தில் வெளுத்துக் கொண்டுபோய்விடும். கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள். அது ஆன்டிபயாடிக். தனியாகப் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடு கூட இருந்தால் அந்தச் சிக்கல் குறைகிறது.

நம் மாநிறத் தோலுக்கு வேறொரு துன்பம் உண்டு. பரு ஒரு வாரத்தில் போய்விடும், அது விட்டுப்போகும் கறுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பருவைவிட அந்தக் கறையைத்தான் நினைத்து அழுதார்கள். வீக்கம் வந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து தங்கிவிடுவதால் வருவது அது. வெயில் பட்டால் இன்னும் கருக்கும். ஆகவே சன்ஸ்கிரீன் அழகுப் பொருள் கணக்கில் வராது, கறைக்கு மருந்து அதுதான். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், ஜெல் மாதிரியோ தண்ணீர் மாதிரியோ லேசானது, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம் கழுத்து எல்லாம். சாம்பல் பூசியது போல் வெளுத்துத் தெரிவது பிடிக்கவில்லையா, நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அதில் இரும்பு ஆக்சைடு இருக்கும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது தடுக்கும், கறைக்கு இன்னும் நல்லது. கூடவே பவுண்டேஷன் வேலையும் முடிந்துவிடுகிறது. நான் அதைத்தான் போடுகிறேன். மேலே ஒரு மை, ஒரு பொட்டு, கிளம்பியாகிவிட்டது.

அப்புறம், எதை நிறுத்துவது என்பதில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது, நேரத்திலும் காசிலும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அமிலம் தோலைப் பொசுக்கும், அதோடு வெயிலில் போனால் புதிதாகக் கறை வரும். டூத்பேஸ்ட், சர்க்கரை ஸ்க்ரப், வால்நட் ஸ்க்ரப், காலையில் பல் தேய்க்காத எச்சில் எதுவுமே வேண்டாம். மஞ்சளும் சந்தனமும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்யாது, குளுமையாக இருக்கும். பாட்டி இழைத்துத் தந்தால் ஆசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் துளைக்குள் இருக்கும் அடைப்பை அவை எடுக்காது. பயத்தம்மாவு, நலங்குமாவு தேய்த்துக் குளிப்பவர்கள் முகத்தில் மட்டும் மெதுவாகப் பூசிக் கழுவினால் போதும், அரைத்த மாவின் கரகரப்பு சீழ்ப்பருவைக் கிழித்துவிடும்.

தலைக்கு வைக்கும் எண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நெற்றியிலும் பொட்டோரத்திலும் மட்டும் பொடிப்பொடியாக வருகிறதா? தலை எண்ணெய் வழிந்து இறங்கும் இடம் அது. முடிக்குப் பூசும் பசை, எண்ணெய்களால் நெற்றியில் வரும் பருவை 1970-லேயே அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்துத் தனிப் பெயரே வைத்தார்கள். எண்ணெயை விட வேண்டியதில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேய்த்து அலசிவிடுங்கள், ராத்திரி முழுக்க ஊறவிட்டு அதே தலையணையில் முகம் புதைக்க வேண்டாம். ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு, வியர்க்கும் நாளில் அதிகமாக வந்தால் அது பருவே இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் துளைத் தொற்றாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, பருவுக்கான ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அது கூடத்தான் செய்யும்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் மனசுக்குப் பட்ட விஷயம். மருந்துக் கடையில் வந்து "பருவுக்கு ஏதாவது க்ரீம் குடுங்க, முகம் பளிச்சுனு ஆகணும்" என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் கையில் கிடைப்பது பல நேரம் ஸ்டீராய்டு க்ரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும், வைட்டமின் ஏ குடும்பத்து ட்ரெடினாயினும் கூடவே கலந்திருக்கும். போட்ட நாலாம் நாள் பரு அமுங்கும், சிவப்பு போகும், முகம் வெளுக்கும். அந்தச் சந்தோஷத்தில் மாதக்கணக்கில் போடுவார்கள். பிறகு தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவந்து தெரியும், வெயிலில் இறங்கினால் எரியும், பெண்பிள்ளைகளுக்கு முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு வெடிக்கும். அதற்குப் பயந்து மறுபடியும் அதே க்ரீம். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே "ஸ்டீராய்டால் சேதமான முகம்" என்று ஒரு நோய்ப்பெயர் வைக்கும் அளவுக்கு இங்கே இது பரவியது. அவர்களின் சங்கம் பல வருடம் குரல் கொடுத்த பிறகு 2018-இல் மத்திய அரசு இந்த க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும் தெருமுனையில் பழக்கம் முழுதாக மாறவில்லை. சித்தி கொடுத்தது, தோழி கொடுத்தது என்று உங்களிடம் இப்படி ஒரு டியூப் இருந்தால், ஏற்கெனவே நெடுநாள் போட்டுவந்திருந்தால், சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிக் குறைத்து நிறுத்துங்கள். உங்கள் வெட்கத்துக்கு இதில் இடமே இல்லை, விற்றவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

சாப்பாடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் அந்த எண்ணெய் முகத்தில் வராது. சாக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று 1969-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதில் ஒப்பிடக் கொடுத்த மிட்டாயிலும் அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன, ஆகவே அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களை 12 வாரம் வைத்துப் பார்த்தபோது, ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகக் குறைந்தது. நம் தட்டில் அதற்கு அர்த்தம்: வெள்ளைச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பு, காய், சுண்டல் கூட்டுவது, மூன்று வேளை சர்க்கரை போட்ட டீயை ஒன்றாக்குவது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, ஜிம் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீனும் சிலருக்குத் தூண்டும். உணவு துணைதான், உணவால் மட்டும் போகும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பட்டினி கிடக்க வேண்டாம். "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்பார்கள். குடியுங்கள், இளநீர் நல்லதுதான், ஆனால் ஜெல்லை நிறுத்தாதீர்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. இருபதுகளின் நடுவில் பலருக்குத் தானாகக் குறைவதால் வந்த நம்பிக்கை அது.

நீங்கள் 24 வயதிலும் விடவில்லை என்று சொல்வதால் ஒன்று கேட்கிறேன். பரு தாடையோரமும் கழுத்திலும் அதிகமா? மாதவிலக்கு தள்ளிப் போகிறதா? மோவாயில் கனத்த முடி வருகிறதா? அப்படியானால் பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் சமநிலை கெட்டு, சினைப்பையைப் பாதிக்கும் சிக்கல்) இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்ப்பது நல்லது. எனக்கு அது இருந்தது. முகத்தில் என்ன பூசினாலும் பாதியில் நின்றதற்குக் காரணம் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹார்மோனுக்குத் தனியாக மாத்திரை எடுத்த பிறகுதான் தாடைப் பரு அடங்கியது. பி12 ஊசி, சில வலிப்பு, காசநோய் மாத்திரைகள்கூடப் பரு போல எழுப்பும், எடுத்துக்கொண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலிக்கும் பெரிய கட்டிகள், பள்ளமாகும் தழும்புகள் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம், உடனே போங்கள். ஒருமுறை விழுந்த பள்ளத்தை எந்த க்ரீமும் முழுதாக நிரப்பாது. அந்த நிலையில் ஐசோட்ரெடினாயின் மாத்திரை எழுதுவார்கள். அமெரிக்காவில் 1982-இல் அனுமதி கிடைத்த மருந்து, பருவின் நான்கு காரணங்களையும் தொடும் ஒரே மருந்து, பலருக்கு நிரந்தரமாகவே தீர்த்துவைக்கிறது. ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பமாகவே கூடாது. ரத்தப் பரிசோதனையோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டும். மற்றவருக்கு எழுதிய சீட்டில் மிச்சமிருந்ததை வாங்கிப் போடும் கொடுமையையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் கல்யாணம் வருகிறதென்றால், அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் முகத்தில் முயலாதீர்கள், பேஷியல் உட்பட. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன் கன்னத்தில் ஒரு கட்டி எழும்பிவிட்டால் கிள்ளாமல் தோல் டாக்டரிடம் போங்கள், கட்டிக்குள் ஒரு சின்ன ஊசி போட்டு அமுக்கிவிடுவார்கள். கை சும்மா இராமல் பருவைத் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிம்பிள் பேட்ச் (பருவின் மேல் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்) நல்லது, விரலுக்கும் பருவுக்கும் நடுவே ஒரு தடுப்பு.

என்னுடைய இன்றைய நாள் இப்படி: காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவி நிறம் கலந்த சன்ஸ்கிரீன். ராத்திரி பல் தேய்க்கும்போதே ஃபேஸ்வாஷ், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அடாபலீன் வாரத்தில் சில ராத்திரி, மேலே மாய்ஸ்சரைசர். அலுப்பில் தூங்கிப்போன நாளில் விட்டுவிடுவேன், அடுத்த நாள் தொடர்வேன். குளியல் சோப்பை முகத்துக்குப் போடுவதில்லை. அதன் காரத்தன்மை தோலின் இயல்பான அமிலத்தன்மைக்கு நேரெதிர், உப்புத் தண்ணீர் ஊரில் அது சரியாக அலசியும் போகாது. பரு போன பிறகும் ஜெல்லை முழுக்க நிறுத்தவில்லை, நிறுத்தினால் அடைப்பு மெதுவாகத் திரும்பும்.

டாக்டரைப் பார்க்கக் காசு யோசிக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கி இலவசமாகக் காட்டலாம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். மேக்கப் இல்லாமல் போங்கள். இதுவரை முகத்தில் போட்ட எல்லா க்ரீம்களின் டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் தெரியாததையும் சேர்த்து. கடைசி மூன்று மாத விலக்குத் தேதிகளை போனில் குறித்துவையுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால், ஐந்து நிமிடத்தில் முடியும் ஓ.பி.யிலும் சரியான சீட்டு கிடைக்கும்.